அதற்குள் முடிந்துவிட்டதே!
(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



செயலாளர் போன் பண்ணி, "இருபது நிமிஷம் பேசணும், சப்ஜெக்ட் உன் இஷ்டம்" என்றார். நான் குடிநீர்க் குழாய்த் துறைக்காரன். பைப், வால்வு, பம்ப், இவைதான் என் பிழைப்பு. அதைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார். "பொன்னியின் செல்வன் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "படமா, புஸ்தகமா?" என்றார். புத்தகம் என்றேன். "அதை யாருப்பா இப்போ படிக்கிறாங்க? யாருக்கு நேரம் இருக்கு?" என்றார். ரொம்ப நியாயமான கேள்வி. என் பேட்ச் நண்பர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதையேதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதுதான் இன்றைக்கு என் உத்தேசம்.

முதலில் புத்தகத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன், இன்ஜினீயர்கள் கூடியிருக்கும் சபை அல்லவா? கல்கி பத்திரிகையில் 1950 அக்டோபர் 29-ம் தேதி ஆரம்பித்து, 1954 மே 16-ம் தேதி முடிந்த தொடர்கதை. கணக்குப் போட்டால் 186 வாரங்கள். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்று ஐந்து பாகங்கள். அத்தியாயங்கள் 293. அதாவது வாரத்துக்குச் சராசரி ஒன்றரை அத்தியாயம். அச்சில் 2,000 பக்கத்தைத் தாண்டும். இதை எழுதிய காலத்தில் கல்கி ஒரு வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர். தலையங்கம், கட்டுரை, விமர்சனம் எல்லாம் ஒரு பக்கம் ஓட, இன்னொரு பக்கம் இது. தொடர் முடிந்த ஏழாவது மாதம், 1954 டிசம்பர் 5-ம் தேதி, காலமாகிவிட்டார். வயது 55.

இதைவிட நீளமானது தமிழில் இல்லையா என்றால், இருக்கிறது. ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல்கள், 2014-ல் ஆரம்பித்து 2020-ல்தான் முடிந்தது. அது மகாபாரதம், அதற்குத் தனி மூச்சு வேண்டும். நான் இன்னும் அடிவாரத்தில்தான் நிற்கிறேன்.

எங்கள் வீட்டில் பொன்னியின் செல்வன் புத்தகமாக வந்தது பிற்பாடுதான். தி.நகர் தீனதயாளு தெருவில் வானதி பதிப்பகத்தில் அப்பா வாங்கி வந்த ஐந்து பாகம். அதற்கு முன்பே மந்தைவெளியில் பாட்டி வீட்டுப் பரணில், பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து பைண்டு பண்ணிய மூலப்பிரதி இருந்தது. உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். மணியத்தின் படங்களோடு, ஓரம் பழுத்து, தொட்டால் உதிர்கிற காகிதம். அதில் எனக்கு ஒரு தனி சுவாரசியம். அத்தியாயம் முடிகிற பக்கத்தின் பின்புறம் ஏதாவது ஒரு தலைவலி மருந்து விளம்பரமோ, ஒரு துணுக்கின் முதல் பாதியோ இருக்கும். மறுபாதி, கிழிக்காமல் விட்ட பக்கத்தோடு போயே போய்விட்டது. அந்த ஜோக்குகளெல்லாம் எப்படி முடிந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தொடர் வந்தபோது பாட்டிக்குப் பன்னிரண்டு வயது. முடிந்தபோது பதினாறு. மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கம் கூட்டுக் குடும்பம். பத்திரிகை ஒன்று, படிக்கிறவர்கள் பதினொரு பேர். யார் முதலில் படிப்பது என்ற சண்டை வலுத்து, கடைசியில் பெரியண்ணா கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பது, மற்றவர்கள் கேட்பது என்று தீர்ப்பாயிற்றாம். "சமையலறையிலேர்ந்து அம்மா 'இருடா இருடா, தாளிச்சுக் கொட்டிட்டு வரேன்'பா. அதுவரைக்கும் வந்தியத்தேவன் குதிரை மேலயே இருக்கணும்" என்பார் பாட்டி. ஒரு வாரக் கதையை அடுத்த இதழ் வரும்வரை பேசியே தீர்ப்பார்களாம். நந்தினி யார் பெண், மூடுபல்லக்கில் யார், ஆழ்வார்க்கடியானை நம்பலாமா கூடாதா என்று வீட்டில் இரண்டு கட்சி.

நான் படித்தது இப்படி இல்லை. பத்தாம் வகுப்பு லீவில் பதினோரு நாளில் விழுங்கினேன். அது 2004. தண்ணீர்ப் பஞ்சம் நினைவிருக்கிறதா? தெருவில் லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அந்த வருஷம்தான் புதிய வீராணம் திட்டத்தில் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டு, ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டு வந்தார்கள். நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. பேப்பரில் செய்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்தால், மடியில் இருக்கிற புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலும் அதே ஏரி! ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம். முதலாம் பராந்தகச் சோழனின் பட்டப்பெயர் வீரநாராயணன். அந்தப் பெயர் தேய்ந்து வீராணம் ஆயிற்று. ஏரி நிறைந்து, எழுபத்து நான்கு கணவாய்களிலும் தண்ணீர் பாய்வதை வந்தியத்தேவன் வாயைப் பிளந்து பார்க்கிறான். கரையில் குடும்பம் குடும்பமாகச் சித்ரான்னம் சாப்பிடுகிறார்கள். "நம்மாத்துக் குழாய்ல வரப்போறது அவன் குதிரை குடிச்ச தண்ணிடா" என்றார் பாட்டி. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அந்த ஒரு வாக்கியமும் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை.

இனி நம் ஹாஸ்டலுக்கு வருகிறேன். எங்கள் ரூமில் ஒரு டெல்லித் தமிழன். வீட்டில் தமிழ் பேசுவான், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. டோல்கியனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அவனுக்கு வேதம். மூன்று பாகமும் தலையணைக்கு அடியிலேயே இருக்கும். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டானே ஒரு கேள்வி: "உங்க தமிழ்ல இந்த மாதிரி ஏதாவது இருக்கா?" 'உங்க' தமிழாம்! எனக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரியே முதல் பாகத்தை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒரு ஒற்றுமையை இங்கே சொல்ல வேண்டும். 1954 மே மாதம் இங்கே பொன்னியின் செல்வன் முடிகிறது. அதே ஆண்டு ஜூலை 29-ம் தேதி லண்டனில் டோல்கியனின் முதல் பாகம் வெளியாகிறது. ஒருவர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர், இன்னொருவர் சென்னையில் பத்திரிகைக்காரர். இருவரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில், ஒரு முழு உலகத்தைக் கட்டி அதற்குள் வாசகனைக் குடிவைக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். டோல்கியன் நாடு, மலை, மொழி, எழுத்து எல்லாவற்றையும் தாமே உண்டாக்க வேண்டியிருந்தது. கல்கிக்கு அந்தச் சிரமம் இல்லை. மண் தயாராக இருந்தது. காட்டுமன்னார்கோயிலுக்குப் பஸ் இருக்கிறது. குடந்தை, பழையாறை, தஞ்சை, கோடிக்கரை என்று டிக்கெட் எடுத்தே அந்தக் கதைக்குள் போய்வரலாம்.

"அப்படியானால் இது சரித்திரம்தானே, கற்பனை உலகம் எப்படி?" என்று சிலர் கேட்பார்கள். சரித்திரத்தில் உள்ளதைப் பாருங்கள். வந்தியத்தேவனைப் பற்றிக் கல்வெட்டு தருவது, குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்ற அளவுக்குத்தான். அருள்மொழிவர்மன் தன் சிற்றப்பனுக்காக அரசை விட்டுக்கொடுத்த விஷயம், ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் சில வரி. ஆதித்த கரிகாலன் கொலை பற்றி உடையார்குடிக் கல்வெட்டில் ஒரு சின்னக் குறிப்பு. நம் பாஷையில் சொன்னால், இரண்டடிக்கு இரண்டடி அஸ்திவாரத்தின்மேல் ஐந்து மாடிக் கட்டடம். நிற்கிறதே, அதுதான் ஆச்சரியம்! நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், ஊமை ராணி மந்தாகினி இவர்களெல்லாம் கல்கி பெற்ற பிள்ளைகள். வானத்தில் வால்நட்சத்திரம் தோன்றி ராஜகுடும்பத்தையே பயமுறுத்துகிறது. கோடிக்கரைச் சதுப்பு நிலத்தில் ராத்திரி தீப்பிழம்பு தோன்றித் தோன்றி மறைகிறது. அந்தக் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத்தான் பூங்குழலி 'என் காதலர்கள்' என்று காட்டுகிறாள். எந்த மாய உலகக் கதைக்கு இது குறைச்சல்?

எங்கள் டெல்லிக்காரன் சாமானியமாக ஒப்புக்கொள்ளவில்லை. முதல் இரண்டு நாள் கொட்டாவி. சோழ வம்சத்து உறவுமுறை அவனுக்குத் தலைசுற்றியது. யார் யாருக்குப் பெரியப்பா என்று நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். மூன்றாம் நாள் கடம்பூர் மாளிகை. நள்ளிரவுச் சதிக்கூட்டத்தை வந்தியத்தேவன் மறைந்திருந்து பார்க்கிறான். நந்தினி வருவதாக எல்லாரும் நினைத்திருந்த மூடுபல்லக்கின் திரை விலகி வேறொருவர் இறங்குகிறார். அங்கே நிறுத்திவிட்டு லைட்டை அணைத்தேன். "டேய், யார்ரா அது?" என்று ஒரு சத்தம். அத்தோடு ஆள் சரணாகதி.

அதன்பிறகு வார நாட்களில் தினம் ஒன்று, ஞாயிறுகளில் மூன்று. பக்கத்து ரூம்காரர்களும் வந்து வாசற்படியில் உட்கார ஆரம்பித்தார்கள். மூன்றாம் பாகம் நடக்கும்போது செமஸ்டர் பரீட்சை, பிறகு லீவு. நான் ஊரில் இல்லாத மூன்று வாரத்தை அவனால் பொறுக்க முடியவில்லை. 29சி பஸ் போர்டு, கடைப் பலகை, சினிமா போஸ்டர் என்று பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டு, 'கொலை வாளை' விரல் வைத்துப் படித்தான். நான் திரும்பி வந்தபோது பதினான்கு அத்தியாயம் எனக்கு முன்னால் இருந்தான். தமிழ் எழுத்து கற்றுக்கொள்ள இப்படியும் ஒரு வழி! அவன் இந்த ஹாலில்தான் இருக்கிறான், கை தூக்கச் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

அவனுக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். வந்தியத்தேவன் சோழ நாட்டுக்குப் புதிது. நமக்கும் புதிது. காஞ்சியிலிருந்து இரண்டு ஓலைகளைக் கொண்டுபோய், ஒன்றைச் சக்கரவர்த்தியிடமும் இன்னொன்றைக் குந்தவையிடமும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கொரியர் பையன் உத்தியோகம். அந்தச் சின்ன வேலையைப் பிடித்துக்கொண்டு நாமும் பின்னாலேயே போகிறோம். அவனுக்குப் பசிக்கிறது, வாய்த்துடுக்கால் மாட்டிக்கொள்கிறான், கூசாமல் பொய் சொல்கிறான், அதிர்ஷ்டத்தால் தப்பிக்கிறான். மகா வீரன் ஒருவனை முதல் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தால், ஐந்து பாகம் அவனோடு யார் நடப்பார்கள்? தலைப்புக்குரிய பொன்னியின் செல்வரைக் கல்கி இரண்டாம் பாகத்தில்தான் நேரில் காட்டுகிறார். ஒரு பாகம் முழுக்க அவரைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைத்தான் கேட்கிறோம். என்ன தைரியம் பாருங்கள்!

குறையே இல்லையா? இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. யாராவது ஒருவர் தூணுக்கோ புதருக்கோ பின்னால் நின்று ஒட்டுக்கேட்காவிட்டால் கதை நகராது. சோழ நாட்டில் ரகசியம் பேசுகிறவர்கள் ஒருவர்கூடச் சுற்றுமுற்றும் பார்க்கமாட்டார்களோ என்று தோன்றும். முகச்சாடை ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பங்களுக்கும் பஞ்சமில்லை. நாலாம் பாகத்தில் கடம்பூரில் கதை சற்று நேரம் ஒரே இடத்தில் சுற்றும். ஐந்தாம் பாகமோ 91 அத்தியாயம், அத்தனையும் இருந்தும் கடைசியில் அவசரமாக முடித்ததுபோல் ஒரு நினைப்பு. அன்றைய வாசகர்களே குறைப்பட்டுக்கொண்டு எழுத, கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அவர் பட்டவர்த்தனமாகச் சொல்லவில்லை என்பதும் ஒரு புகார். இன்றுவரை அதைக் குவிஸ் கேள்விபோல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் கதையிலேயே சுவாரசியம் குறைந்த கேள்வி அதுதான். யார் கையில் கத்தி இருந்தது என்பதற்காக யாரும் 293 அத்தியாயம் படிப்பதில்லை.

பின்னே எதற்குப் படிக்கிறார்கள்? பெரிய பழுவேட்டரையரை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண். தனாதிகாரி. ஏரிக்கரையில் அவர் பரிவாரம் வரும்போதே நமக்குப் பிடிக்காமல் போய்விடுகிறது. கிழவருக்குச் சின்ன வயசு மனைவி, அவள் சொன்னபடி ஆடுகிறார், சதி பண்ணுகிறார். இரண்டு மணி நேரக் கதையானால் அவர் கணக்கு அத்தோடு முடிந்தது, வில்லன் என்று முத்திரை குத்தி மூலையில் உட்கார வைத்துவிடலாம். ஆனால் கல்கிக்கு மூன்றரை வருஷம் இருந்தது. அந்தக் கிழவர் வருகிறார், போகிறார், சிரிப்புக்கு இடமாகிறார், சில இடத்தில் கம்பீரமாக நிற்கிறார், அவருக்கும் ஒரு நியாயம் உண்டு என்பது சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஐந்தாம் பாகத்தில் புயலும் கொள்ளிட வெள்ளமும் அவரைப் புரட்டிப் போடுகின்றன. அப்போது நமக்கு மனசு பதறுகிறது. இவருக்காகவா நாம் பதறுகிறோம் என்று நமக்கே ஆச்சரியம். படிக்காதவர்கள் இங்கே இருப்பதால் மேலே சொல்லமாட்டேன்.

ஒரு மனுஷனைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுப்பதற்குத்தான் நாவலுக்கு அத்தனை நீளம். டோல்கியனிடம் நல்லவன் பக்கமும் கெட்டவன் பக்கமும் பெரும்பாலும் முதலிலேயே கோடு கிழித்தாகிவிடும், கொல்லம் மாதிரி ஒன்றிரண்டு பேர்தான் இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறார்கள். கல்கியிடம் நடுவில் தவிக்கிறவர்கள்தான் அதிகம். டெல்லிக்காரன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. போரோமிர் இல்லையா, தெனதோர் இல்லையா என்று இன்னும் சண்டை போடுகிறான். போடட்டும்.

இதில் நான் கண்ணால் கண்ட சாட்சி ஒன்று உண்டு. பாட்டிக்குச் சில வருஷமாகப் பார்வை மங்கிவிட்டது. முகம் தெரியும், எழுத்து தெரியாது. வாழ்நாளெல்லாம் படித்தவருக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிவி பிடிக்காது. பேசாமல் உட்கார்ந்திருப்பார். 2020-ல் ஊரடங்கு வந்தபோது அவர் மந்தைவெளியில், நான் அடையாறில். நடுவில் ஒரு ஆறும் ஒரு பாலமும்தான், ஆனால் போக முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு போனில் கூப்பிட்டு, ஒரு அத்தியாயம் படிக்க ஆரம்பித்தேன். எதைப் படிப்பது என்று கேட்கவே இல்லை.

பாட்டிக்கு நந்தினி என்றால் ஆகாது. பதினாலு வயசிலிருந்தே ஆகாது. கச்சேரி ரோடு வீட்டில் நந்தினி எதிர்ப்புக் கட்சிக்கு அவர்தான் தலைவி. "விஷம்டா அவ" என்பார். ஒரு ராத்திரி, கரிகாலனுக்கும் நந்தினிக்கும் இடையே பழைய நாளில் நடந்தது வருகிற இடத்தைப் படித்துவிட்டு நிறுத்தினேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று, "பாட்டி?" என்றேன். "பாவம்டா அவ. சின்ன வயசுலேர்ந்து யாருமே அவகிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொல்லலை. எனக்கு அப்போ தெரியலை" என்றார். அப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது. அறுபத்தெட்டு வருஷம் கழித்து ஒருத்தி கட்சி மாறினாள்! மறுநாள் காலை அம்மாவுக்கு போன் பண்ணி, வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்த ஒரு ஓரகத்தியின் நம்பரைக் கேட்டாராம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

நாலாம் பாகம் முடிய ஏறக்குறைய ஏழு மாசம். ஐந்தாவதை எடுத்தேன். "வேண்டாம்" என்றார். ஏன் என்றேன். "அஞ்சாவதுல ஒவ்வொருத்தரா போயிடுவாடா. முதல்லேர்ந்து படி." மறுபடியும் ஆடிப் பதினெட்டு, மறுபடியும் ஏரிக்கரை. இரண்டாவது சுற்றில்தான் ஐந்தாம் பாகத்துக்குள் போக அனுமதி கிடைத்தது.

படத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் செயலாளர் விடமாட்டார். எம்.ஜி.ஆர். 1958-லேயே உரிமை வாங்கினார், எடுக்க முடியவில்லை. மேடையில் மேஜிக் லான்டர்ன் குழுவினர் 1999-ல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் போட்டார்கள், 2014-ல் மியூசிக் அகாடமியில் மறுபடி போட்டார்கள். கடைசியில் மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு படமாகக் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். எனக்குப் பிடித்திருந்தது. புத்தகத்தில் இருக்கிறது படத்தில் இல்லையே என்று புலம்புகிற கூட்டத்தில் நான் இல்லை. ஐந்தரை மணிக்குள் அவ்வளவுதான் அடங்கும், அதைச் செய்தவரைப் பாராட்ட வேண்டும். பாட்டி டிவிக்கு ஒரு அடி தள்ளி நாற்காலி போட்டு, பாதி பார்த்து, மீதி காதால் கேட்டு, இரண்டையும் முடித்தார். "நன்னாத்தான் எடுத்திருக்கான். ஆனா அதுக்குள்ள முடிஞ்சுடுத்தே!" என்றார். இதைவிடச் சுருக்கமான விமர்சனம் நான் படித்ததில்லை.

இப்போது நேரக் கணக்குக்கு வருகிறேன். உரக்கப் படித்தால் அத்தியாயம் ஒன்றுக்குச் சராசரி இருபது நிமிஷம். 293 அத்தியாயத்துக்கு ஏறத்தாழ 98 மணி நேரம். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரிவரை தினம் ஆபீஸ் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு இது இரண்டு மாசத்துச் சமாசாரம். அவசரப்படாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பதினோரு நாளில் நான் விழுங்கியபோது கிடைத்தது கதை மட்டும்தான். வாரத்துக்கு ஒன்றரை என்று படித்தவர்களுக்கு நடுவில் ஆறு நாள் கிடைத்தது. சண்டை போட, ஊகிக்க, கனவு காண. அந்த ஆறு நாளும் புத்தகத்தைச் சேர்ந்ததுதான் என்று பாட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கல்கி பத்திரிகையின் அச்சு இதழ் 2020-ல் நின்றுவிட்டது. இனி அந்த ஆறு நாளை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே வந்திருக்கும் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தமிழ் படிக்க வரும் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. என் பெண் ஸ்கூலில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள், நானே கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு எட்டு வயது. இப்போது மந்தைவெளியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்றாவது சுற்று நடக்கிறது. நான் படிக்கிறேன், பாட்டி ஈஸிசேரில், அவள் தரையில். ஜோசியர் வீடு, தஞ்சைக் கோட்டை எல்லாம் தாண்டி, கோடிக்கரைக்கு வந்திருக்கிறோம். போன வாரம் அவள் நடுவில் நிறுத்தி, "இந்தப் பழுவேட்டரையர் தாத்தா குட்டா, பேடா? சீக்கிரம் சொல்லு" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டி, "அதுக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கு. பேசாம கேளு" என்று அடக்கிவிட்டார்.

அவளுக்குப் பரீட்சை இருப்பதால் இரண்டு வாரம் லீவு விட்டிருக்கிறோம். அதற்கடுத்த ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூங்குழலியின் படகு புறப்படும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வர இஷ்டப்படுகிறவர்கள் டிபன் நேரத்தில் என்னிடம் சொல்லுங்கள், கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இடம் உண்டு. முன்கதைச் சுருக்கம் என் பெண் சொல்லுவாள். கொஞ்சம் நீளமாகச் சொல்லுவாள், பொறுத்துக்கொள்ள வேண்டும்.